இடது பக்கம் எனக்கு

எண்பதுகளில் தாராவிச் சந்துகளில் வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கிடந்த பொம்மைகளில் ஏதாவது ஒன்றுக்காவது இரண்டு கையும் இரண்டு காலும் ஒழுங்காக இருந்ததா? எங்கள் வீட்டில் இல்லை. எங்களுக்குப் பொம்மை கடையிலிருந்து வராது. கோணியிலிருந்துதான் வரும்.

அப்பாவுக்குப் பிளாஸ்டிக் கோடவுனில் தரம் பிரிக்கிற வேலை. மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து வீடுகளில் கழித்துப் போட்ட வாளி, சீப்பு, சோப்புப் பெட்டி, பொம்மை எல்லாம் கோணி கோணியாக அங்கே வந்து இறங்கும். நிறம் பார்த்து, தட்டிச் சத்தம் பார்த்து, பல்லால் கடித்துக்கூடப் பார்த்து அப்பா பிரித்துப் போடுவார். அப்புறம் எல்லாம் அரைவை மிஷினுக்குள் போய்க் குருணையாக வெளியே வரும். அதைத் 'தானா' என்பார்கள். அந்த மிஷின் வாசனை அப்பாவின் சட்டையிலேயே இருக்கும். கருகிய மிட்டாய் மாதிரி ஒரு வாசனை. இன்றைக்கும் எங்காவது பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு அப்பா வந்துவிட்டார் என்று தோன்றும்.

அந்த வருடம் மழை பிடித்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அப்பா நனைந்து வந்து, இடுப்பில் செருகியிருந்த ஒன்றை எடுத்து அண்ணன் மடியில் போட்டார்.

"பாருலே. மிஷினுக்குள்ள போகப் போனான். காலப் புடிச்சு இழுத்துட்டேன்."

வெளிநாட்டுப் பொம்மை. ஒரு சாண் உயரம் இருக்கும். நெஞ்சு மாவு பிசைந்து வைத்தது போலப் புடைத்து நிற்கும். உடம்போடு ஒட்டிய நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, அதற்கு மேலே சிவப்பு ஜட்டி. நெஞ்சில் ஒரு நட்சத்திரம் பாதி தேய்ந்திருந்தது. பழைய பேப்பர்க் கடையில் இங்கிலீஷ் படக்கதைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிற அண்ணனுக்கு உடனே தெரிந்துவிட்டது. "பறக்குறவன்! இவன் பறக்குறவன்ப்பா!" என்று குதித்தான். பறக்கிறவனுக்கு இடது கை இல்லை. இடது காலும் இல்லை. முதுகில் சால்வை கட்டுகிற ஓட்டை இருந்தது, சால்வை இல்லை. முகத்தில் மையெல்லாம் அழிந்து வழுக்கையாக இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மூளியா இருக்கு. வெளிய கொண்டு போ."

அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். விளக்கேற்றுகிற வீட்டில் அங்கம் குறைந்த உருவம் இருக்கக் கூடாது. உடைந்த பொம்மை, விரிசல் விட்ட கண்ணாடி, மூக்கு போன படம் எதுவும் ஆகாது. அம்மா சட்டத்தைச் சும்மா ஊருக்கு மட்டும் சொல்கிறவள் இல்லை. கல்யாணமாகி பம்பாய்க்கு வரும்போது கையோடு கொண்டுவந்த அம்மையப்பன் படம் ஒன்று சாமிப் பலகையில் இருந்தது. சிவனும் பார்வதியும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கிற அர்த்தநாரீஸ்வரர் படம். அதற்கு முந்தின மழையில் கூரை ஒழுகி, படத்துக்குள் தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்து முகமே போய்விட்டது. அம்மா தன் கையாலேயே அதை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தாள். பலகையில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே அந்த இடம் காலியாகவே கிடந்தது. வேறு படம் வாங்கி வைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

அண்ணன் அழுதான், கெஞ்சினான். கடைசியில் அம்மா இறங்கி வந்தாள்.

"வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்துறதுக்குள்ள கையும் காலும் வந்துரணும். இல்லன்னா அந்தச் சவத்தச் சாக்கடைல வீசிருவேன், ஆமா."

அப்படித்தான் பறக்கிறவனுக்கு வைத்தியம் ஆரம்பித்தது.

உள்ளே கை கால்களைப் பிடித்திருந்த ரப்பர் இற்றுப் போயிருந்தது. அண்ணன் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டினான். அம்மாவின் கொண்டை ஊசியை வளைத்துக் கொக்கி செய்தான். கம்பியை ஸ்டவ்வில் காய்ச்சிப் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டான். "ஏலே, சோத்துக்குள்ள நாத்தம் எறங்குது!" என்று அம்மா கரண்டியோடு வந்தால், கம்பியை வாயில் ஊதிக்கொண்டே வாசலுக்கு ஓடுவான்.

கை கால் தேடுகிற பொறுப்பு அப்பாவுடையது. தினமும் சாயந்திரம் வந்து சட்டைப் பையைக் கவிழ்ப்பார். கையும் காலுமாகத் தரையில் விழும். கொழுகொழு குழந்தைக் கை, குரங்குக் கை, விரலே இல்லாத ரோபோக் கை. அண்ணன் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பான். குழந்தைக் கையை வைத்தபோது பறக்கிறவன் டாட்டா காட்டுகிற மாதிரி இருந்தது. குரங்குக் கையை வைத்தபோது முதுகைச் சொறிவது போல இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கால் மட்டும் கிடைத்தது. ஏதோ போலீஸ்காரப் பொம்மையின் காக்கிக் கால். அளவு கச்சிதம். ஆனால் கை?

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரல் ரொம்பக் குழைவாக இருந்தது.

"ஏட்டி, ஒம் பொம்ம எங்க?"

"அது எப்பவோ போயிட்டுல்லா."

"பொய் சொல்லாத. அரிசி டின்னுக்குப் பின்னால துணில சுத்தி வச்சிருக்க. நான் பாத்தேன்."

உண்மைதான். என்னிடம் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி பொம்மை இருந்தது. அதுவும் கோணியில் வந்ததுதான். ஒரு கண் கழன்று தலைக்குள் விழுந்து, ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும். அம்மா சட்டப்படி அதுவும் மூளி. அதனால் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் இல்லாத நேரம் எடுத்து, தலையை ஆட்டாமல் மெல்லமாக மடியில் வைத்துக்கொள்வேன்.

"ஒத்தக் கைதான கேக்கேன். ஒனக்கென்ன, அது எந்திரிச்சு வேலைக்கா போகப் போகுது?"

"தந்தா, இவன்ல பாதி எனக்கு."

"எந்தப் பாதி?"

"கை இருக்கிற பாதி. இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் ஒனக்கு."

அண்ணன் யோசித்தான். "மூக்கு?"

"மூக்குலயும் பாதி."

என் பொம்மையின் இடது கை பறக்கிறவன் தோளில் பொருந்தியது. மெலிந்த கை. மணிக்கட்டில் பச்சை வளையல் ஒன்று பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக வார்த்திருந்தது. அண்ணன் பிளேடை எடுத்தான்.

"வளையலச் சுரண்டிருதேன்."

"சுரண்டினா என் கையத் தா."

பிளேடு கீழே போய்விட்டது. காக்கிக் காலுக்கு அடிக்கக் கதவுக்கு அடித்த மீதி நீலப் பெயிண்டைத் திறந்தால், அது கட்டிதட்டிப் போயிருந்தது. சுரண்டி எடுத்தது வலது பக்கத்துத் தேய்மானத்துக்கே சரியாகப் போய்விட்டது. இரண்டு பேருமாகச் சால்வைத் துணிக்குத் தெரு முனையில் ஜாக்கெட் தைக்கிற காக்காவிடம் போனோம். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், காயல் பக்கத்து முஸ்லிம்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். லெதர் ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற சிவப்புச் சாட்டின் துணி அவர் மிஷின் காலடியில் குவிந்து கிடக்கும். பறக்கிறவனை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன புள்ள இது, ஜட்டிய வெளிய போட்டிருக்கான்? இவனுக்கு எந்தத் தையக்காரன் தச்சான்? அளவே தெரியாத பய."

"அவன் பறக்குறவன் காக்கா."

"பறந்தா கீழ நிக்கிறவனுக்குத்தான சங்கடம். இந்தா, எடுத்துக்கிட்டுப் போங்க."

சால்வைக்குப் போக நிறையத் துணி மிஞ்சியது. காக்கிக் கால் என் பக்கமாயிற்றே, அசிங்கமாகத் தெரிந்ததால் அந்தத் துணியைக் கொசுவம் வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கட்டினேன். மாவுஷி, அதாவது சித்தி, என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மராட்டிக்காரி தந்த நகப்பாலீஷ் பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பறக்கிறவனின் என் பக்கத்துக் கை விரல்களுக்கு வைத்தேன். முகத்துக்கு மை போடும்போது மறுபடி சண்டை. அவன் மீசை வரையப் போனான், என் எல்லைக்குள் வரக் கூடாது என்றேன். கோபத்தில் வலது பக்கம் மட்டும் முறுக்கு மீசை வரைந்துவிட்டுப் போய்விட்டான். நான் என் பக்கத்துக் கண்ணுக்கு மட்டும் மை தீட்டினேன்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று சத்தியமாக எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அவரவர் பாதியை அவரவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். அம்மா தலை குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பறக்கிறவனை அவள் முன்னால் நிறுத்தினான்.

"பாத்துக்கோ. ரெண்டு கை, ரெண்டு காலு."

அம்மா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் மைக்கண். ஒரு பக்கம் முறுக்கேறிய புஜம், ஒரு பக்கம் வளையல் போட்ட கை. ஒரு பக்கம் கால்சட்டை, ஒரு பக்கம் சிவப்புச் சேலை. துடைத்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலிருந்து நழுவியது.

"அம்மையப்பா!" என்றாள். "திரும்பி வந்துட்டியா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் பறக்கிறவன் சாமிப் பலகையில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே ஏறிவிட்டான். காலியாக இருந்த அந்த இடம் அவனுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. நெற்றியில் வலது பக்கம் விபூதி, இடது பக்கம் குங்குமம். கழுத்தில் கதம்பம்.

"எம்மா, அது சண்டை போடுற பொம்மைம்மா!"

"வாயக் கழுவுலே."

"ஜட்டிய வெளிய போட்டிருக்கும்மா! சாமி அப்பிடியா போடும்?"

"அது புலித்தோலு."

அப்பா வந்தார். பலகையைப் பார்த்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏளா, கூறுகெட்டவளே! அவன் நம்ம கோணில வந்த சாமான்லா!"

"கோணில வந்தா சாமி இல்லன்னு எவன் சொன்னான்? நீங்கதான காலப் புடிச்சு இழுத்தேன்னு சொன்னீங்க? சாமி காலத்தான் புடிப்பாங்க."

அப்பா எழுந்து மழைக்கோட்டைக் கழற்றினார். கை கால் கழுவப் போய்விட்டார்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அன்று அழுகைதான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தில் ஒரு பந்தயம் இருந்தது. மாடி அறைக்குப் போகிற இரும்பு ஏணியின் உச்சியிலிருந்து பையன்கள் அவரவர் பொம்மையை வீசுவார்கள். எவன் பொம்மை அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ அவன் ராஜா. பறக்கிறவன் சால்வையை விரித்து வந்தால் யாரும் கிட்டே நிற்க முடியாது என்று அண்ணன் ஒரு வாரமாக அளந்துவிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வெறுங்கையோடு வாசலில் நின்றான். பறக்கிறவன் உள்ளே பொரிகடலை நைவேத்தியம் வாங்கிக்கொண்டிருந்தான்.

"க்யா ரே, தேரா ஹீரோ பண்டித் பன் கயா?" என்று ஒருவன் கேட்டான், உன் ஹீரோ பூசாரியாகிவிட்டானா என்று.

"குளிச்சுப் பூச முடிக்காம வரமாட்டாரு போல!" என்று இன்னொருவன் சொன்னான். சந்தே சிரித்தது.

அண்ணன் கடைசியாக நம்பியது மாவுஷியை. அம்மா அவள் பேச்சைத் தட்டமாட்டாள். இது பொம்மைதான் என்று மாவுஷி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்துக் கையோடு கூட்டிவந்தான். மாவுஷி வந்து பார்த்தாள். செருப்பை வெளியே கழற்றினாள். தானும் கும்பிட்டாள். அப்புறம் முகவாயில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பூஜா ஜாலி நா? மக் விசர்ஜன் கராய்லாச் பாய்ஜே."

பூஜை நடந்துவிட்டதல்லவா, அப்படியானால் தண்ணீரில் கரைத்தே ஆகவேண்டும் என்றாள். கையால் செய்த மூர்த்தியை அப்படியே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். தன் வீட்டு கணபதியை எடுத்துப் போகிற அன்று இதையும் கூடவே அனுப்பிவிடலாம் என்றாள். அம்மாவுக்கு முகம் வாடியது. ஆனாலும் தலையாட்டினாள். முறை என்றால் முறைதான் அவளுக்கு.

அண்ணன் காப்பாற்றக் கூட்டிவந்தவள், கடலுக்கு வழி காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

விநாயக சதுர்த்திக்குக் கணபதி வந்து போகிற வரைக்கும், இரண்டு மூன்று மாதம், நாங்கள் இரண்டு பேரும் பலகைக்குக் கீழேயே கிடந்தோம். சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. ஒருநாள் அண்ணன் என்னிடம் சொன்னான், "ஏட்டி, ஒங் கையாவது ஒனக்கு வேணும்னா கழத்தித் தந்துருதேன். அது எதுக்கு வீணாக் கடலுக்குப் போகணும்." நான் வேண்டாம் என்றேன். கழற்றினால் பறக்கிறவன் மறுபடி மூளியாகிவிடுவானே.

மாஹிம் கடற்கரையில் அன்று என்ன கூட்டம்! தாசா மேள முழக்கம், சிவப்புக் குலால் பொடி, ஈர மணல், கற்பூர வாசனை. மழை தூறிக்கொண்டே இருந்தது. மாவுஷி வீட்டு கணபதி தலையில் ஏறி இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். மூழ்கி எழுந்து, மூழ்கி எழுந்து, மண்ணோடு மண்ணாகிக் கரைந்துபோனார். எல்லாரும் கத்தினார்கள். அடுத்தது நாங்கள்.

அம்மா பறக்கிறவனைக் கண்ணில் ஒற்றி அண்ணனிடம் கொடுத்தாள்.

"நீதான செஞ்ச. நீயே விடு."

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய் அவனை மிதக்க விட்டான். திரும்பிப் பார்க்காமல் வந்தான். அவன் கரைக்கு வருவதற்குள் அலை பறக்கிறவனை அவன் காலடியில் கொண்டுவந்து போட்டது.

உள்ளே வெறும் காற்றுதானே, எப்படி மூழ்குவான்? மல்லாக்கப் படுத்து, சால்வையை விரித்துக்கொண்டு, மீசையும் மையுமாக வானத்தைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தான். அண்ணன் மறுபடி விட்டான், பொம்மை மறுபடி வந்தது. மாவுஷியின் மகன் வாங்கிக்கொண்டு போய்க் கழுத்தளவு தண்ணீரில் விட்டான். அதற்கும் வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஜாய்ச்ச நாய் த்யாலா!" என்று ஒருவர் கூவினார். போக மனசில்லையாம் அவனுக்கு. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

அடுத்த அலை பெரிதாக வந்தது. பறக்கிறவன் உருண்டு வந்து கரையில் விழுந்தான். அண்ணன் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

இடது கை இல்லை.

கடல் உப்பு ரப்பரைக் கடித்ததோ, கொக்கி நழுவியதோ தெரியவில்லை. தோளில் ஓட்டை மட்டும் இருந்தது. அண்ணன் மெல்ல அம்மா முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எங்களுக்குச் சட்டம் தெரியும். மூளி. இனி வீட்டுக்கு வர முடியாது.

அம்மா சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கினாள். முட்டளவு, இடுப்பளவு. பூமாலை, அருகம்புல், தேங்காய் நார், வாழையிலை எல்லாம் மிதந்துகொண்டிருந்த இடத்தில் குனிந்து இரண்டு கையாலும் அளைய ஆரம்பித்தாள். நீச்சல் தெரியாதவள். அலை அடித்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், மறுபடி குனிவாள்.

"ஏளா, என்னத்தத் தேடுத?" அப்பா கத்தினார். "சாமி கையா, பொம்ம கையா?"

அம்மா நிமிரவில்லை. அவள் சொன்னது தாசா சத்தத்துக்கு நடுவிலும் எங்களுக்குக் கேட்டது.

"எம் மவ குடுத்த கைங்க அது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்ததை அவள் எப்போதோ பார்த்திருக்கிறாள். ஒற்றை அறை வீடு அது, தினமும் அவள்தான் அந்த டின்னைத் திறக்கிறாள், எனக்கு அது தோன்றவே இல்லை. மூளி என்று தெரிந்தும் அதை எடுத்து எறியாமல் விட்டிருக்கிறாள். பலகையில் ஏறிய கை எந்தப் பொம்மையின் கை என்பதும் அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் கும்பிட்டாள். ஒன்றும் தெரியாத அம்மா என்று நானும் அண்ணனும் எத்தனை நாள் பேசிச் சிரித்திருப்போம்!

மாவுஷியின் மகன் இறங்கினான். அப்பா இறங்கினார். யார் எவர் என்று தெரியாத ஜனங்களும் என்ன தேடுகிறோம் என்று கேட்டுவிட்டுக் கூடவே குனிந்தார்கள். கடைசியில் அம்மாவுக்குத்தான் கிடைத்தது. ஒரு சாமந்தி மாலைக்குள் சிக்கி, சிவந்த விரல்களோடு, பச்சை வளையலோடு மிதந்து வந்தது. கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். பார்த்தவர்கள் எல்லாரும் "மோரயா!" என்று கணபதி கோஷம் போட்டார்கள்.

கரையில் உட்கார்ந்து, சொட்டச் சொட்ட, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். பல்லால் வளைத்தாள். அண்ணன் சொல்லிக்கொடுக்காமலே ரப்பரை இழுத்துக் கொக்கியை மாட்டினாள். கை கச்சிதமாக உட்கார்ந்தது. அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நீ போகமாட்டேங்க. அப்ப வெளையாடத்தான் வந்தியோ?"

பிறகு எங்களிடம் நீட்டினாள். "இந்தாங்க. வலது ஒனக்கு, இடது ஒனக்கு. சண்ட போட்டீங்கன்னா முழுசும் எனக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பறக்கிறவன் ஏணி உச்சியிலிருந்து குதித்தான். அம்மா முறத்தோடு வாசலில் நின்று, "கும்பிட்டுட்டுப் போடுலே! மெல்ல, மெல்ல!" என்று கத்தினாள். அண்ணன் ராஜாவானான். பாதி ராஜா என்று நான் திருத்திக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் செம்பூர்ப் பக்கம் வீடு மாறியபோது எந்த மூட்டையிலோ பறக்கிறவன் காணாமல் போனான். வாஷியில் இருக்கிற அண்ணன் இப்போதும் நீதான் தொலைத்தாய் என்பான். நான் ஏழாவதோடு நின்றவள், பெரிய விஷயங்கள் எதுவும் எனக்குத் தெரியாது. என் வீட்டுப் பலகையிலும் இப்போது அம்மையப்பன் படம் ஒன்று இருக்கிறது, கண்ணாடி போட்டது. விளக்கேற்றும்போது என் கண் முதலில் அந்த இடது கைக்குத்தான் போகும், வளையல் பத்திரமாக இருக்கிறதா என்று.